கேட்கும் தூரம்

நெடுங்கரை அரசு உயர்நிலைப் பள்ளியில் இசக்கியப்பன் இருபத்தெட்டு வருடமாகத் தமிழ் நடத்தி வந்தார். அவருக்குக் குரல்தான் எல்லாம்.

அவர் எட்டாம் வகுப்பில் செய்யுள் வாசித்தால், பள்ளிக்கு எதிரே பேருந்துக்கு நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மைக் பழுதான வருடங்களில் சுதந்திர தின விழாவை அவர் வெறும் தொண்டையிலேயே நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் அவரைத் தமிழய்யா என்பார்கள். சக ஆசிரியர்களுக்கும் அவர் ஐயாதான்.

ஏப்ரலில் தேர்வுகள் முடிந்ததும் அவர் கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கிறது, எடுக்கும்போது குரல் போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே நடந்தது. கண் விழித்ததும் இசக்கியப்பன் மனைவியை, "கோமதி" என்று கூப்பிட்டார். வாய் அசைந்தது, காற்று வந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பழம் நறுக்கிக்கொண்டிருந்த கோமதி திரும்பவில்லை.

நரம்பு தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். வருகிற மெல்லிய குரலில் பேசலாம், சத்தம் போட முயலவே கூடாது.

ஜூனில் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். அவர் பேசியது முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்டது. மற்றவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்க முயன்றார்கள். ஒருவரையொருவர் "உஷ்" என்று அடக்கிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடத்தில் எந்த வகுப்பும் அவருக்காக அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதிதான் அவரை அதிகம் வருத்தியது.

தலைமையாசிரியர் தேவசகாயம் நல்ல மனிதர். ஒருநாள் அவரைத் தனியாக அழைத்து, பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம், தமிழ் வகுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்தச் சொல்லில் இருந்த அன்பு இசக்கியப்பனுக்குப் புரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தார். அன்று மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை.

ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஆழ்வார்குளம் வட்டார வள மையத்தில் ஐந்து நாள் பயிற்சி. இப்படிப்பட்ட பயிற்சிகளில் இசக்கியப்பன் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, பக்கத்தில் இருப்பவரோடு இலக்கணம் பேசிவிட்டு வருவார். இந்த முறை முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி நடத்தும் கருத்தாளராக வந்தவர் ஜெசிந்தா. அதே வட்டாரத்தில் வேறொரு பள்ளியின் அறிவியல் ஆசிரியை. நாற்பது வயது இருக்கும். இசக்கியப்பனைவிடப் பதின்மூன்று வருடம் இளையவர். அரசு கொடுத்திருந்த கைக்கணினியை எல்லோரும் வெளியே எடுக்கும்படி சொன்னார். பாதிப் பேருடையது வாங்கி வந்த பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஜெசிந்தா கடிந்துகொள்ளவில்லை.

"பிரிக்காம வெச்சிருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைச் சொல்லுங்க," என்றார்.

உடைந்துவிடுமோ என்று பயம், என்றார் ஒருவர். பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது, அவமானமாக இருக்கிறது, என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் ஜெசிந்தா பலகையில் எழுதினார். எதற்கும் பதில் சொல்லவில்லை. எழுதியதை அழிக்கவும் இல்லை. ஐந்து நாளும் அது அப்படியே இருந்தது.

தேநீர் இடைவேளையில் இசக்கியப்பன் ஒரு துண்டுத்தாளில் தன் கேள்வியை எழுதி ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

'இந்தக் கருவி எனக்குப் பதிலாகப் பேசுமா?'

ஜெசிந்தா அதைப் படித்தார். அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தார்.

"பேசும் ஐயா," என்றார்.

அவ்வளவுதான் கேட்டது, அவ்வளவுதான் பதில். அன்று மாலையும் மறுநாளும் ஜெசிந்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தட்டச்சு செய்ததை இயந்திரக் குரல் வாசித்தது. முதலில் அது ஒரே வேகத்தில், மூச்சு விடாமல் வாசித்தது. எங்கே காற்புள்ளி வைத்தால் அது நிற்கும், எப்படிச் சொல்லைப் பிரித்து எழுதினால் உச்சரிப்பு சரியாக வரும் என்று இசக்கியப்பன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு வேலையில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் மாதிரி வகுப்பு. வள மையம் ஒரு நடுநிலைப் பள்ளியின் வளாகத்திலேயே இருந்ததால், பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கே போய்ப் பாடம் எடுத்தார்கள். இசக்கியப்பனுக்கு ஏழாம் வகுப்பு கிடைத்தது. நாற்பது நிமிடத்துக்கும் எழுதித் தயாராக வைத்திருந்தார். திறன் பலகைத் திரையில் வரிகள் ஓடின. கருவி வாசித்தது, விளக்கியது, அருஞ்சொற்பொருள் சொன்னது. பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா கடைசி பெஞ்சில் இருந்தார்.

மணி அடித்ததும் இசக்கியப்பன் நிறைந்த முகத்தோடு அவரிடம் வந்தார்.

"எப்படி இருந்தது டீச்சர்?"

"நல்லாப் பேசிச்சு ஐயா."

"பிள்ளைங்க?"

"அவங்க பேசினது எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுதா?"

இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. குரல் போனவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நினைத்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் அவர் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதினார். அவருடைய கையெழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் வந்தார். சொல்லாமல் போவது முறையல்ல என்று தோன்றியது. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கடிதத்தை ஜெசிந்தாவிடம் காட்டினார். ஜெசிந்தா முழுக்கப் படித்தார். இந்த முடிவு வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தார் இசக்கியப்பன். ஜெசிந்தா தன் கதை ஒன்றைச் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் பள்ளிக்கு முதன்முதலாக ஒரு புரொஜெக்டர் வந்தது. விதை முளைப்பதைப் பற்றிய பாடம். அவரைக்காய் விதை வெடித்து, வேர் விட்டு, இலை விரிப்பது வரை நாற்பது விநாடியில் ஓடும் படம் ஒன்றை ஜெசிந்தா தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். இதைவிட நன்றாக இந்தப் பாடத்தை யாரும் நடத்த முடியாது என்று அவர் பெருமையாக நின்றிருந்தபோது, ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இது ஏன் இவ்வளவு அவசரப்படுது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஜெசிந்தாவால் சிரிக்க முடியவில்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றார் இசக்கியப்பன்.

"நாலு விதையை ஊறப்போட்டு, என் போனை அவகிட்ட கொடுத்தேன். தினம் ஒரு படம் எடுன்னு சொன்னேன்."

"எடுத்தாளா?"

"எடுத்தா ஐயா. முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே நடக்கல. ஒண்ணும் நடக்காததையும் படம் எடுத்து வெச்சிருந்தா."

இசக்கியப்பன் காத்திருந்தார். கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ஜெசிந்தா கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். சாப்பாடு ஆறுகிறது, வாங்க என்றார்.

திங்கட்கிழமை இசக்கியப்பன் எட்டாம் வகுப்புக்குப் போய், கைக்கணினியை முதல் பெஞ்சில் இருந்த சுடர்மதியிடம் கொடுத்தார். செய்ய வேண்டியதைப் பலகையில் எழுதியிருந்தார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய உரைநடைப் பாடத்திலிருந்து ஒரு பத்தி. ஒவ்வொருவராக வெளியே போய், தனியாக நின்று, அதை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அது புதிய பாடம். அவர் அதை வகுப்பில் வாசித்ததே இல்லை.

நூலக அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. பிள்ளைகள் அங்கே போய் வந்தார்கள். முப்பத்தோரு பேரும் முடிக்க நான்கு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கியப்பன் வீட்டில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் குரல் சுடர்மதி. வாசிக்கும் முன் அவள் தொண்டையைச் செருமினாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு கணம் நின்று, பிறகு அதை மெல்ல இறக்கி வைத்தாள். இரண்டாவது அந்தோணி விமல். அவனும் செருமினான். அவனும் அதே இடத்தில் நின்றான். நான்காவது, ஐந்தாவது, ஒன்பதாவது. 'வெயில்' என்ற சொல் வரும்போது எல்லோரும் குரலை ஒரு படி தூக்கினார்கள்.

அவருக்கு மெல்ல விளங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகள் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

கோமதி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டாள். ஒரு பக்க இயர்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தார். கோமதி சற்று நேரம் கேட்டாள்.

"இது நீங்கள்லா," என்றாள்.

இசக்கியப்பன் யாரிடம் என்று தெரியாமலே கை கூப்பினார். போய்விட்டது என்று மூன்று மாதமாக அழுத ஒன்று, முப்பது இடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. இனி குரல் வராவிட்டாலும் பரவாயில்லை என்று அன்று காலை அவருக்குத் தோன்றியது.

இருபத்தேழாவது பதிவு முத்துப்பேச்சியுடையது. மூன்று நிமிடம் ஓடியது. அதில் காற்றுச் சத்தம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. பக்கம் புரட்டும் ஒலி ஒருமுறை கேட்டது. தவறுதலாக அழுத்திவிட்டாள் போல என்று நினைத்து நிறுத்தப் போனார். அப்போது அவள் குரல் வந்தது.

"ஐயா, எனக்கு வாசிக்க வராது. நீங்க வாசிக்கதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிடுவேன். இப்பம் நீங்க வாசிக்கல்லா. அதான்."

பதிவு முடிந்தது.

இசக்கியப்பன் அதை மீண்டும் போட்டுக் கேட்கவில்லை. முத்துப்பேச்சியை அவருக்கு நன்றாகத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தார். மனப்பாடச் செய்யுளை முதலில் ஒப்பிப்பவள் அவள்தான். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கணீரென்று சொல்வாள். எழுத்துத் தேர்வில் மட்டும் மதிப்பெண் வராது. சோம்பல் என்று நினைத்து, கடிந்துகொண்டு, கருணை மதிப்பெண் போட்டிருக்கிறார். இரண்டு வருடம். அவள் அவருடைய குரலுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. காலையில் கூப்பிய கைகளை இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வள மையத்தில் ஆசிரியர்களின் மாதக் கூட்டம். இசக்கியப்பன் ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். மழை பெய்துகொண்டிருந்தது. கூட்டம் நடக்கும் கொட்டகைக்குத் தகரக் கூரை. ஜெசிந்தா அந்தக் கோடியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருடம், எத்தனை பிள்ளைகளோ, எனக்குத் தெரியாமலே போய்விட்டது, சத்தமும் இல்லாத நான் இனி என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தார்.

இசக்கியப்பன் மறுபடி சொன்னார். ஜெசிந்தா தன் நாற்காலியைத் தூக்கி நாலு வரிசை முன்னே வந்து போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க ஐயா."

சொன்னார். தகரத்தில் மழை இரைந்தது. ஜெசிந்தா மீண்டும் எழுந்தார், மீண்டும் நாற்காலியை முன்னே போட்டார். இசக்கியப்பன் எழுந்து வர முயன்றபோது, இருங்க என்று கையைக் காட்டினார். இப்படி மூன்றுமுறை நடந்தது. கடைசியில் அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் வந்து உட்கார்ந்தார்.

இசக்கியப்பன் மறுபடியும் அதையே சொன்னார்.

"இங்க நல்லாக் கேக்குது ஐயா," என்றார் ஜெசிந்தா.

இசக்கியப்பன் பிறகு எதையும் கேட்கவில்லை. கூட்டம் முடியும்வரை இருந்தார். வீட்டுக்கு வந்ததும் விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கிழித்து, கோமதியிடம் அடுப்புக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு எட்டாம் வகுப்பு வேறு மாதிரி நடந்தது. பாடத்தைக் கருவி வாசித்தது, ஆனால் நாற்பது நிமிடமும் அல்ல. பத்து நிமிடம் வாசிக்கும். பிறகு பிள்ளைகள் ஐந்து குழுவாகப் பிரிந்து, அதில் கேட்டதைப் பேசி, ஒருவர் பேசுவதை ஒருவர் பதிவு செய்வார்கள். வகுப்பு முன்னைவிட இரைச்சலாக இருந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு ஆசிரியர் இருமுறை எட்டிப் பார்த்தார். தேவசகாயம் ஒருநாள் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கணினி வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரைச்சலுக்கு நடுவே இசக்கியப்பன் கடைசி பெஞ்சுக்குப் போய் முத்துப்பேச்சி பக்கத்தில் உட்காருவார். எல்லோருக்கும் முன்னால் இல்லை, யாரும் கவனிக்காத சத்தத்துக்குள்ளே. எழுத்திலிருந்து ஆரம்பித்தார். அவருடைய குரல் ஒரு கை நீளத்துக்குத்தான் கேட்கும். ஒரு பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

முதல் வாரம் அவள் தலை நிமிரவே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, இந்தக் கம்ப்யூட்டரே எல்லாத்தையும் வாசிச்சிருதுல்லா. நான் எதுக்குப் படிக்கணும்?"

ஏறக்குறைய அதே கேள்வியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு நின்றவர்தான் இசக்கியப்பனும். கைக்கணினியில் அவள் பெயரை எழுதி, கேட்கச் சொன்னார். அது 'முத்து' என்று சொல்லி நிறுத்தி, 'பேச்சி' என்று வேறு யாரையோ கூப்பிடுவதுபோலச் சொன்னது.

முத்துப்பேச்சி சிரித்தாள். "அது ரெண்டு ஆள் இல்ல. ஒரே ஆளு," என்று அதனிடமே சொன்னாள்.

எங்கே தப்பு என்று பார், என்றார். அவள் திரையில் தன் பெயரை விரல் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினாள். அவள் தானாகப் படித்த முதல் சொல் அது.

செப்டம்பரில் இரண்டெழுத்துச் சொற்கள். அக்டோபரில் கடைப் பலகைகள். பேருந்து எங்கே போகிறதென்று படித்துவிட்டு ஏறியதாக ஒரு காலையில் ஓடி வந்து சொன்னாள். அதுவரை நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவாளாம். அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், மற்ற பிள்ளைகளையும் இசக்கியப்பன் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்தோணி விமலுக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை. சுடர்மதி நன்றாக வாசிப்பாள், அர்த்தம் கேட்டால் விழிப்பாள். முன்னால் நின்ற காலமெல்லாம் இவர்கள் எல்லோரும் அவருக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்திருக்கிறார்கள்.

ஜெசிந்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஒருநாள் நல்ல தமிழில் நீண்ட செய்தி ஒன்றை எழுதி அனுப்பினார். வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் ஐயா, பிறகு பேசலாம் என்று ஜெசிந்தாவிடமிருந்து ஒரு வரி வந்தது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நவம்பரில் ஜெசிந்தா பள்ளிப் பார்வைக்கு நெடுங்கரை வந்தார். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது குழுக்கள் பேசிக்கொண்டிருந்தன. கரும்பலகைக்கு முன்னால் யாரும் இல்லை. ஆசிரியரைக் கண்ணால் தேடி, கடைசி பெஞ்சில் கண்டுபிடித்தார். உப்பளப் பாடத்தை முத்துப்பேச்சி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செருமல் இல்லை. கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தமும் இல்லை. அவள் நின்ற இடங்களெல்லாம் அவளுக்கே உரியவை.

ஜெசிந்தாவைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முத்துப்பேச்சியும் வாசிப்பை நிறுத்தினாள். ஜெசிந்தா எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

இசக்கியப்பன் எழுந்து நின்றார். மூன்று நாளாகச் சொல்லக் காத்திருந்த செய்தி அவரிடம் இருந்தது. மருத்துவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தாராம். அசையாமல் கிடந்த குரல்நாண் அசையத் தொடங்கியிருக்கிறதாம். தை மாதத்துக்குள் பழைய குரலில் பாதிக்கு மேல் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். கோமதி அதைக் கேட்டு மருத்துவமனை வராந்தாவிலேயே அழுதுவிட்டாள். இதையெல்லாம் அவர் தன் மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சந்தோஷம் ஐயா. ரொம்ப சந்தோஷம்."

"குரல் போகாம இருந்திருந்தா இந்தப் பிள்ளையை எனக்குத் தெரிஞ்சிருக்காது டீச்சர். உங்களையும் தெரிஞ்சிருக்காது. நன்றின்னு ஒரு வார்த்தையாவது சொல்ல விடுங்க."

ஜெசிந்தா பிடித்த கையை விடவில்லை.

இசக்கியப்பன் வகுப்பின் முன்பக்கத்தைப் பார்த்தார். கரும்பலகையும் அதன் முன்னே காலியாக இருந்த இடமும் தெரிந்தன.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். குரல் திரும்பி வந்ததும் நான் எங்க நிக்கணும்? பழையபடி அங்கயா?"

ஜெசிந்தா முத்துப்பேச்சியைப் பார்த்தார். அவள் விரல் புத்தகத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே அப்படியே இருந்தது. இருவரும் பேசி முடிக்கட்டும் என்று அதை எடுக்காமல் வைத்திருந்தாள்.

ஜெசிந்தா தன் குரலை அவருடைய குரல் அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, அவ பாதி வரியில நிக்கா. முடிக்கட்டும்."